பேத்தியைப் பார்க்க ஒரு மனு: தாத்தா பாட்டிக்குச் சட்டத்தில் என்ன இருக்கு, என்ன இல்லை

கொஞ்ச நாள் முன்னாடி எங்க வார்டு அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிற வேலையில நாங்க நாலு பேர் லேப்டாப்போட உட்கார்ந்திருந்தோம். நேரா என்கிட்ட வந்து போனை நீட்டினார். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைதானே? இதுல நம்மளை பிளாக் பண்ணிட்டா அதை எப்படி எடுக்கிறது?"

நான் படிச்சது மெக்கானிக்கல். ஆனா ஐடி விங்ல இருந்தாலே பிரிண்டர் ரிப்பேர்ல இருந்து ஆதார் வரைக்கும் நம்மகிட்டதான் வரும், உங்களுக்கே தெரியும். "தாத்தா, பிளாக் பண்ணவங்கதான் எடுக்க முடியும், நாம எடுக்க முடியாது"னு சொன்னேன். அவர் போகல. பெஞ்சுல உட்கார்ந்துட்டார்.

அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். ஊரையும் அடையாளத்தையும் மாத்தியிருக்கேன்.

போக்குவரத்துக் கழகத்துல கண்டக்டரா இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பைக் விபத்துல இறந்துட்டார். மருமகள் ஆறு வயசுப் பேத்தியோட பிறந்த வீட்டுக்கு, கோவில்பட்டிக்குப் போயிட்டாங்க. முதல் ஆறு மாசம் போக்குவரத்து இருந்திருக்கு. அப்புறம் விபத்து நஷ்டஈடு வழக்குல பணம் வந்தது. மனைவிக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு, பெற்றோருக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுத்தாங்க. அந்தப் பிரிவினையில வாய்த்தகராறு. "நானும் பேசக்கூடாததைப் பேசிட்டேன் தம்பி"ன்னு அவரே சொன்னார். அன்னைக்கு விழுந்த பிளாக்தான். பேத்தி ஒண்ணாம் வகுப்பு சேர்ந்தது அவருக்கு மூணாம் மனுஷன் சொல்லித்தான் தெரியும்.

இதே மாதிரி உங்க தெருவுலயும் ஒரு வீடு இருக்கும். விவாகரத்துல ஒண்ணு, சாவுல ஒண்ணு, சொத்துச் சண்டையில ஒண்ணு. பெரியவங்க சண்டையில யாரும் திட்டம் போட்டுக் குழந்தையைப் பிரிக்கிறதில்லை. பேச்சு நின்னு போகுது, அதோட குழந்தையும் நின்னு போகுது.

அந்தத் தாத்தா கையில ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டும் இருந்தது. "மூத்த குடிமக்கள் சட்டம் 2007-ன்படி பேரன் பேத்தியைப் பார்க்கத் தடுத்தால் சிறை"ன்னு, மேல தேசியக் கொடி, கீழ பத்து பேருக்கு அனுப்பவும். வருத்தம் என்னன்னா அதே ஃபார்வேர்டு நம்ம குரூப் ஒண்ணுலயும் ஓடிக்கிட்டு இருந்தது. சொந்தங்களே, அது பொய். 2007 சட்டம் பெற்றோருக்கும் மூத்தவங்களுக்கும் ஜீவனாம்சம் வாங்கித் தரும் சட்டம். நம்ம மாநிலத்துல ஆர்டிஓ தலைமையில தீர்ப்பாயம், மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் உத்தரவு போடலாம். கவனிச்சுக்குவாங்கன்னு நிபந்தனை போட்டு எழுதிக் கொடுத்த சொத்தைக் கவனிக்காட்டி ரத்து செய்ய 23வது பிரிவு இருக்கு. நல்ல சட்டம்தான். ஆனா பேரப்பிள்ளையைப் பார்க்கிற உரிமை பத்தி அதுல ஒரு வரி கூட இல்லை. அதை நம்பி ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல நின்னு நாள் கழிச்சவங்களும் இருக்காங்க.

அப்போ எங்கதான் இருக்கு? எனக்குத் தெரிஞ்சதை வச்சு எழுதி, நம்ம வழக்கறிஞர் அணி அண்ணன் ஒருத்தர்கிட்ட கொடுத்துத் திருத்தி வாங்கினது இது. நான் வக்கீல் இல்லை, மனசுல வச்சுக்கோங்க.

உண்மையை முதல்ல சொல்லிடுறேன். "தாத்தா பாட்டிக்குப் பேரக்குழந்தையைப் பார்க்க உரிமை உண்டு"ன்னு நேரடியாச் சொல்ற சட்டப் பிரிவு இந்தியாவுல இல்லை. பிரான்ஸ்ல இருக்கு. அங்க சிவில் சட்டத்தோட 371-4வது பிரிவு, தாத்தா பாட்டியோட உறவு வச்சுக்கிறது குழந்தையோட உரிமைன்னு எழுதி வச்சிருக்கு. இதுல ஒண்ணு கவனிங்க. தாத்தாவோட உரிமைன்னு எழுதல, குழந்தையோட உரிமைன்னு எழுதியிருக்கு. கடைசியில இதுக்கு வர்றேன்.

நம்ம கையில இருக்கிறது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், 1890ம் வருஷத்துக் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம். கோர்ட்ல எல்லாரும் கார்டியன் ஆக்ட்னுதான் சொல்வாங்க. எந்த மதத்துக்காரங்களும் இதுல மனு போடலாம். குழந்தையோட உறவினர் யார் வேணும்னாலும் போடலாம்னு 8வது பிரிவு சொல்லுது. தாத்தாவும் பாட்டியும் அதுல அடக்கம். 17வது பிரிவு, எல்லாத்துக்கும் மேல குழந்தையோட நலனைப் பார்க்கணும்னு சொல்லுது. விவரம் புரிஞ்ச வயசுக் குழந்தையா இருந்தா அது என்ன விரும்புதுன்னும் கோர்ட் கேட்கலாம். 12வது பிரிவுல, வழக்கு முடியிற வரைக்கும் இடைக்கால உத்தரவு கேட்க வழி இருக்கு.

ஆனா இந்தச் சட்டத்துலயே ஒரு சுவரும் இருக்கு, 19வது பிரிவு. அப்பாவோ அம்மாவோ உயிரோட இருந்து, அவங்க தகுதி இல்லாதவங்கன்னு கோர்ட் கருதாத வரைக்கும் வேற யாரையும் கார்டியனா நியமிக்க முடியாது. இதை வச்சுத்தான் பல பெரியவங்க தோத்துப் போறாங்க. கோபத்துல போய் "குழந்தையை என்கிட்டயே கொடுங்க"ன்னு கேட்கிறாங்க. அதுக்காக மருமகளையோ மருமகனையோ கெட்டவங்கன்னு நிரூபிக்கப் பார்க்கிறாங்க. வழக்கும் போகுது, மிச்சம் இருந்த உறவும் போகுது.

நம்ம அண்ணன் காட்டிக் கொடுத்த இடம் வேற. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984, 7வது பிரிவு. அந்தக் கோர்ட் என்னென்ன விசாரிக்கலாம்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல குழந்தையோட காப்பாளர் பொறுப்பு, குழந்தையை யார் வச்சுக்கிறது, இது ரெண்டோட மூணாவதா "அணுகுதல்"னு ஒரு சொல் தனியா நிக்குது. பார்க்கிறது, பேசுறது, லீவுக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் அந்தச் சொல்லுக்குள்ள வரும். அதனால வளர்க்கிற பொறுப்பைக் கேட்காதீங்க. பார்க்கிற நேரத்தைக் கேளுங்க. மாசத்துல ரெண்டு ஞாயிறு, பொங்கலுக்கு ஒரு நாள், கோடை லீவுல ஒரு வாரம், வாரம் ஒரு வீடியோ கால். இப்படிக் கேட்டு வாங்கினவங்களும் இருக்காங்க, கேட்டுக் கிடைக்காதவங்களும் இருக்காங்க. எல்லாம் அந்தக் குழந்தையோட நிலைமையைப் பொறுத்துத்தான். ஆனா இது 19வது பிரிவுச் சுவர்ல போய் நேரா முட்டாத கோரிக்கை.

வீடியோ கால் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2020 ஜனவரியில ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம், நேர்ல பார்க்கிற உரிமை மாதிரியே போன்லயும் வீடியோ கால்லயும் தொடர்புல இருக்கிறதும் குழந்தைக்கு முக்கியம்னு சொல்லியிருக்கு. அது அப்பா அம்மாவுக்கு இடையிலான வழக்குதான். ஆனா நம்ம மனுவுலயும் அதே காரணத்தைச் சொல்லலாம்.

பெற்றோர் ரெண்டு பேருமே இல்லைன்னா நிலைமை மாறிடும். அப்போ தாத்தா பாட்டி கார்டியனாவே கேட்கலாம். கொரோனா இரண்டாம் அலையில அகமதாபாத்துல அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்த ஒரு சின்னப் பையன் வழக்கு. குஜராத் உயர் நீதிமன்றம் அம்மாவோட சகோதரிகிட்ட பையனைக் கொடுத்தது. அப்பா வழித் தாத்தா பாட்டி மேல்முறையீடு போனாங்க. 2022 ஜூன்ல உச்ச நீதிமன்றம் பையனை அவங்ககிட்டயே ஒப்படைச்சது. வயசாயிடுச்சு, வருமானம் கம்மிங்கிறதை மட்டும் வச்சு அவங்களை ஒதுக்க முடியாதுங்கிறதுதான் அந்தத் தீர்ப்போட சாரம். "எங்களுக்கு யார் தருவா, நாங்க கிழடு"ன்னு ஒதுங்கி நிக்கிறவங்களுக்கு இதைச் சொல்லுங்க.

மகள் இறந்து, மருமகன் மேல வரதட்சணைக் கொடுமை வழக்கு இருக்கிற வீடுகளும் உண்டு. 2008ல அப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. கீழ்க்கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் பையனை அப்பாகிட்ட கொடுக்கச் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. அப்பா மேல இருக்கிற குற்ற வழக்கையும் கணக்குல எடுக்கணும், அம்மா வழித் தாத்தா பாட்டியோட இருக்கணும்னு பையன் சொல்றதையும் கேட்கணும்னு சொன்னது. முஸ்லிம் தனிச் சட்டத்துல, ஹனஃபி முறையில, சின்னக் குழந்தையை வச்சுக்கிற பொறுப்பு அம்மாவுக்கு அடுத்து அம்மாவோட அம்மாவுக்குத்தான் வரும். இது நம்ம ஆட்களுக்கே பல பேருக்குத் தெரியாது.

விவாகரத்து வழக்கு நடக்கிற வீடுன்னா வேலை இன்னும் சுலபம். அப்பா அம்மா நேரம் கேட்டுப் போடுற மனுவுலயே, "எனக்குக் கொடுக்கிற நேரத்துல என் பெற்றோரும் குழந்தையோட இருக்கலாம்"னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. மகன் துபாய்லயோ சிங்கப்பூர்லயோ இருந்தா இந்த ஒரு வரி ரொம்ப முக்கியம். மனுவுல இல்லாததை அப்புறம் குழந்தையைப் பார்க்கிற இடத்துல வாய்மொழியாக் கேட்டா சண்டைதான் வரும்.

இப்போ செய்யக்கூடாதது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன்.

ஸ்கூல் வாசல்ல நின்னு குழந்தையைக் கூட்டிட்டு வந்துடாதீங்க. "என் பேத்தி, நான் கூட்டிட்டுப் போறேன்"னு நீங்க நினைக்கலாம். சட்டப்படி காப்பாளரா இருக்கிறவங்க சம்மதம் இல்லாம குழந்தையைக் கூட்டிட்டுப் போறது பாரதிய நியாய சன்ஹிதா 137வது பிரிவுல கடத்தல். பாசத்துல செஞ்ச ஒரு காரியத்தால நீங்க எஃப்ஐஆர்ல ஏறுவீங்க. அதுக்கப்புறம் எந்தக் கோர்ட்ல போய் "என்னை நம்பி அனுப்புங்க"ன்னு கேட்பீங்க? குழந்தைக்கு உண்மையிலேயே ஆபத்துன்னா 1098க்குப் போன் பண்ணுங்க. சண்டையில ஜெயிக்கிறதுக்காக அந்த நம்பரைத் தொடாதீங்க.

ஆட்கொணர்வு மனு போட்டா ஒரே வாரத்துல குழந்தை வந்துடும்னு சில பேர் சொல்வாங்க. சட்டவிரோதமா யாராவது பிடிச்சு வச்சிருந்தா அது சரியான வழிதான். ஆனா 2024 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல தெளிவாச் சொல்லிடுச்சு. அம்மா இறந்து, பெரியம்மா சித்திமார் வளர்த்த, மூணு வயசு கூட ஆகாத குழந்தை. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவுல உடனே அப்பா தரப்புகிட்ட ஒப்படைக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திட்டு, குழந்தை ஒரு அசையும் சொத்து இல்லை, இதைக் கார்டியன் வழக்குலதான் முழுசா விசாரிக்கணும்னு சொன்னது. அதுவரைக்கும் அப்பா தரப்பு குழந்தையைப் பார்க்கவும் வழி செஞ்சது. பொறுமையா நடக்க வேண்டிய விஷயம் இது.

சரி, அந்தத் தாத்தாவுக்கு நாங்க என்ன செஞ்சோம்?

கோர்ட்டுக்கு முன்னாடி சட்டப்பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிமன்ற வளாகத்துலயே இருக்கும், தாலுகாவுல வட்டக் குழு இருக்கும். வழக்கு போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேச வைப்பாங்க. இதுக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. தாத்தாவுக்குப் பென்ஷன் வருது, இலவச வக்கீல் கிடைக்குமான்னு சந்தேகம். அப்போதான் அண்ணன் ஒண்ணு சொன்னார்: "மனுவை அப்பத்தா பேர்ல போடு." 1987 சட்டம் 12வது பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. இதை எத்தனை பேருக்கு நாம சொல்லியிருக்கோம்? எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சது. போன் நம்பர் 15100.

இன்னொண்ணு. குழந்தை இப்போ வழக்கமா வசிக்கிற ஊர்லதான் கார்டியன் மனு போடணும், 9வது பிரிவு. நீங்க மதுரையில இருந்து குழந்தை கோவில்பட்டியில இருந்தா தூத்துக்குடி மாவட்டத்துக்குத்தான் போகணும். மதுரையில போட்டுட்டு ஒரு வருஷம் அலையாதீங்க.

ஆவணம் சேர்க்கிறதுல ஐடி விங் தம்பிமார்கள் உதவலாம். குழந்தையோட பிறப்புச் சான்றிதழ், மகனோட இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். காதுகுத்து போட்டோ, ஸ்கூல் ஃபீஸ் கட்டின ரசீது, பழைய வாட்ஸ்அப் பேச்சு. இதெல்லாம் உறவு உண்மையா இருந்ததுக்குச் சாட்சி. வாட்ஸ்அப் பேச்சை அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க, வெட்டி ஒட்டாதீங்க, அந்தப் போனை எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடாதீங்க. மின்னணு ஆதாரத்துக்குப் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் 63வது பிரிவுப்படி ஒரு சான்று வேணும், வக்கீல்கிட்ட கேளுங்க. அந்தத் தாத்தா போன்ல பேத்தி அனுப்பின நாற்பது வாய்ஸ் மெசேஜ் இருந்தது. "தாத்தா எப்போ வருவ?"ங்கிறதுதான் பாதி. பேக்கப் எடுத்துக் கொடுத்தேன். இந்த வேலையில நான் செஞ்ச உருப்படியான டெக்னிக்கல் காரியம் அது ஒண்ணுதான்.

இப்போ அரசியலுக்கு வருவோம், இது கட்சிப் பக்கம்தானே.

2015 மே மாசம் மத்தியச் சட்ட ஆணையம் தன்னோட 257வது அறிக்கையைக் கொடுத்தது. காப்பாளர் சட்டங்களை எப்படித் திருத்தணும்னு வரைவு மசோதாவோட கொடுத்தாங்க. பெற்றோர் ரெண்டு பேரும் சேர்ந்து வளர்க்கிறது, பார்க்கிற நேரம், இதோட தாத்தா பாட்டியோட குழந்தை செலவழிக்கிற நேரமும் அதுல இருக்கு. பத்து வருஷம் தாண்டியும் அது சட்டமாகல. எத்தனையோ சட்டத்தை ஒரே நாள்ல நிறைவேத்துற நாடாளுமன்றத்துக்கு இதுக்கு நேரம் இல்லை.

டெல்லி செய்யட்டும்னு நாம காத்திருக்கணுமா? அரசியலமைப்போட பொதுப்பட்டியல்ல 5வது இனம் திருமணம், விவாகரத்து, குழந்தைகள், தத்து. மாநிலமும் சட்டம் போடலாம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கினாப் போதும். நாம இதைச் செய்யாதவங்க இல்லை. மகளுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு தமிழ்நாடு 1989லயே சட்டம் போட்டது. நாடு முழுக்க அது வந்தது 2005ல. பதினாறு வருஷம் முன்னாடி. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967லயே மாநிலத் திருத்தம் கொண்டு வந்தவங்க நாம. எந்த ஆட்சியில வந்ததுன்னு கமெண்ட்ல சண்டை போடாதீங்க, தமிழ்நாட்டுல வந்தது.

அதனால நம்ம கோரிக்கை ஒரு சின்ன மாநிலத் திருத்தம். தாத்தா பாட்டியோட தொடர்புல இருக்கிறது குழந்தையோட உரிமைன்னு எழுதணும். வன்முறை, மிரட்டல், குடி இருக்கிற இடத்துல அந்த உரிமையைக் கோர்ட் மறுக்கலாம்னும் அதுலயே எழுதணும். இடைக்கால மனுவை முடிக்க ஒரு கெடு வைக்கணும். ஆறு வயசுக் குழந்தைக்கு ரெண்டு வருஷ வாய்தாங்கிறது அதோட வாழ்க்கையில மூணுல ஒரு பங்கு.

ஏன் "தாத்தாவோட உரிமை"ன்னு கேட்கல, "குழந்தையோட உரிமை"ன்னு கேட்கிறோம்? நம்ம பக்கத்துல வர்ற கமெண்ட்களைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். இந்த மாதிரி விஷயம் போட்டா முதல் பத்து கமெண்ட் மருமகளைத் திட்டித்தான் இருக்கும். தயவுசெஞ்சு வேண்டாம். இருபத்தெட்டு வயசுல புருஷனை இழந்து, கையில குழந்தையோட, நஷ்டஈட்டுப் பணத்துக்குக் கணக்குக் கேட்கிற மாமனாரைச் சந்திச்ச ஒரு பொண்ணோட இடத்துல நின்னு பாருங்க. அவங்க மறுமணம் செய்யலாம், வேற ஊருக்கு வேலைக்குப் போகலாம், அது அவங்க உரிமை. பெரியவங்க உரிமைன்னு சட்டம் வந்தா அவங்களைக் கட்டிப் போடுற கயிறா அது மாறும். குழந்தையோட உரிமைன்னு வந்தா மாறாது. அந்த மாதிரி கமெண்ட் வந்தா அட்மின் டெலிட் பண்ணுவார், கட்சிக்காரரா இருந்தாலும்.

உங்க பகுதியில இப்படி ஒரு வீடு இருந்தா வார்டு நிர்வாகிகிட்ட சொல்லுங்க, வழக்கறிஞர் அணியோட பேச வைக்கிறோம். சட்ட உதவி 15100, முதியோர் உதவி 14567.

தாத்தா விஷயம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. வட்டக் குழுவுல ரெண்டு தடவை பேச்சுவார்த்தை நடந்தது. முதல் தடவை மருமகள் வரல, அவங்க அண்ணன் மட்டும் வந்தார். ரெண்டாவது தடவை அவங்களே வந்தாங்க. தாத்தா முதல்ல மன்னிப்புக் கேட்டார், அதை நாங்க யாரும் சொல்லிக் கொடுக்கல. கோவில்பட்டிக்கே கடலை மிட்டாய் வாங்கிட்டுப் போன ஒரே மனுஷன் அவராத்தான் இருக்கும். அடுத்த தேதி அடுத்த மாசம். பிளாக் இன்னும் எடுக்கல. ஆனா இப்போ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, அந்த அண்ணன் நம்பர்ல இருந்து வீடியோ கால் வருது. மூணே முக்காலுக்கே எங்க ஆபீஸ் வைஃபைக்கு வந்து உட்கார்ந்துடுவார்.

- தகவல் தொழில்நுட்ப அணி

#பேரப்பிள்ளை_உரிமை
#மாநிலத்_திருத்தம்_வேண்டும்